ஊவாத் தோட்டங்களில் வால்வுக் கருவிகள்: நெய்யரிக் கோடலின் வரலாறு

1924ஆம் ஆண்டு ஏப்ரல் 5ஆம் நாள் பதுளைக்குப் புகைவண்டி வந்தது. கொழும்பிலிருந்து மலையேறிய இருப்புப்பாதை அப்புத்தளை, பண்டாரவளை, எல்ல, தெமோதரை ஆகிய ஊர்களைக் கடந்து பதுளையில் முடிவுற்றது. அடுத்த ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் கொழும்பில் முறையான வானொலி ஒலிபரப்பு தொடங்கிற்று. தந்தித் திணைக்களத்தின் தலைமைப் பொறியியலாளர் எட்வேட் ஹாப்பர் அம்முயற்சிக்கு முன்னின்றார். இவ்விரண்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையே இருபது மாதங்களே கழிந்திருந்தன. எனினும் புகைவண்டியில் ஏறுவதற்குப் பயணச்சீட்டு ஒன்றே போதும். வானொலியைக் கேட்பதற்கோ வால்வுகளும் மின்கலங்களும் வேண்டும். அவற்றை அடக்கியாளும் அறிவும் வேண்டும். அவ்வறிவில் மிகச் சிறியதும் மிகப் பயனுடையதும் ஆன ஒரு பகுதி, நெய்யரிக் கோடல் எனப்படுவது.

வானொலி திருத்துவோர் இதனைப் 'பயஸ்' என்றே வழங்கினர். பாடுவதும் பேசுவதும் அதன் வேலையன்று. வால்வு ஓய்ந்திருக்கும்போது எவ்வளவு மின்னோட்டம் ஓடவேண்டும் என்பதை வரையறுப்பதே அதன் வேலை. ஊவாவின் தேயிலைத் தோட்டங்களில் ஒரு வானொலிப் பெட்டி எத்தனை நாள் பேசியது என்பதும் பெரும்பாலும் இச்சிறு மின்னழுத்தத்தையே பொறுத்திருந்தது.

வால்வு என்பது காற்று நீக்கப்பெற்ற கண்ணாடிக் குழாய். அதனுள்ளே சூடேறும் இழை ஒன்றும் உலோகத் தகடு ஒன்றும் உண்டு. இழை சூடேறியதும் அதிலிருந்து இலத்திரன்கள் வெளிப்பட்டு, நேர் மின்னேற்றம் பெற்ற தகட்டை நோக்கிப் பாயும். இலண்டன் பேராசிரியர் அம்புரோசு பிளெமிங் 1904ஆம் ஆண்டு இத்தகைய ஈர்வாய் வால்வுக்கு உரிமை கோரினார். 1906ஆம் ஆண்டளவில் அமெரிக்கரான லீ டி பாரஸ்ட், இழைக்கும் தகட்டுக்கும் நடுவே கம்பியாலான ஒரு சிறு தடுப்பை நிறுத்தினார். அதுவே நெய்யரி, கடைவீதி வழக்கில் 'கிரிட்'. அதன்மேல் செலுத்தப்படும் சிறு மின்னழுத்த மாறுதல், தகட்டை அடையும் பெரிய மின்னோட்டத்தை ஏற்றவும் இறக்கவும் வல்லதாயிற்று. மெலிந்த ஒலியைப் பெருக்கும் வழி இவ்வாறு பிறந்தது.

பதுளையைச் சூழ்ந்த படிவயல்களில் நீர் பாய்ச்சும் உழவன் மடைப்பலகையை அசைத்து நீரை ஆள்கின்றான். பலகை முற்றாகத் திறந்திருந்தால், மேலும் திறப்பதற்கு இடமில்லை, நீரும் வீணாகும். முற்றாக மூடியிருந்தால், மேலும் மூடுவதற்கு இடமில்லை. இரண்டுக்கும் நடுவே ஓர் அளவில் அது நிற்கும்போதுதான், கையின் ஏற்ற இறக்கம் முழுவதையும் நீர் பின்பற்றும். நெய்யரியும் அத்தகையதே. அதற்கு இழையினும் சில வோல்ற்று எதிர்த்தன்மை கொடுத்து ஓர் அளவில் நிறுத்தவேண்டும். அங்ஙனம் நிறுத்துவதே கோடல். எதிர்த்தன்மை குறைந்தால் மின்னோட்டம் பெருகி வால்வு சூடேறும். அது மிகுந்தால் ஒலியலையின் ஒரு பாதி வெட்டுண்டு குரல் கரகரக்கும். நெய்யரி நேர்த்தன்மை அடைந்துவிட்டாலோ அதுவே இலத்திரன்களைத் தன்பால் இழுத்து ஒலியைச் சிதைக்கும்.

இவ்வுண்மையைத் தெளிவாக உணர்ந்து உரிமைப் பத்திரமாக எழுதியவர் பிரிட்ஸ் லோவென்ஸ்ரைன் என்பவர். அவர் 1899ஆம் ஆண்டு கொலராடோவில் நிக்கொலா டெஸ்லாவுக்கு உதவியாளராக இருந்தவர். நெய்யரிக்கு நிலையான எதிர்மின்னழுத்தம் கொடுக்கும் முறைக்கு 1912ஆம் ஆண்டு அவர் விண்ணப்பித்தார்; 1917ஆம் ஆண்டு உரிமை கிடைத்தது. வால்வு தோன்றிச் சில ஆண்டுகளுக்குப் பின்னரே அதனை அடக்கும் முறை தோன்றிற்று என்பது கருதத்தக்கது.

கொழும்பு ஒலிபரப்பின் தொடக்கக் காலத்தில் விற்கப்பட்ட வானொலிப் பெட்டிகள் பலவற்றுக்கு மூவகை மின்கலங்கள் தேவைப்பட்டன. இழையைச் சூடாக்குவதற்கு 2 வோல்ற்று ஈயச் சேமிப்புக்கலம் ஒன்று. தகட்டுக்கு 90 அல்லது 120 வோல்ற்று உலர்மின்கல அடுக்கு ஒன்று. நெய்யரிக்கு 9 வோல்ற்றுச் சிறு மின்கலம் ஒன்று. இம்மூன்றாவதன் மேற்புறத்தில் ஒன்றரை வோல்ற்றுக்கு ஒன்றாகத் துளைகள் வரிசையாக இருக்கும். கம்பி நுனியிலுள்ள செருகியை வேண்டிய துளையில் பொருத்துவதே அன்றைய கோடல் திருத்தம்.

அதைச் செய்வதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் பெட்டியை நிறுத்தவேண்டும். பெட்டி இயங்கும்போது செருகியைப் பிடுங்கினால் நெய்யரி தன் பிடியை இழக்கும்; பெருமின்னோட்டம் பாய்ந்து வெளியீட்டு வால்வைக் கெடுக்கும். செருகியை மாற்றிய பின் மீண்டும் இயக்கிக் குரலைக் கேட்கவேண்டும். எதிர்மின்னழுத்தத்தைப் படிப்படியாகக் கூட்டிக் குரல் கரகரக்கத் தொடங்கும் இடத்தை அறிந்து, அதிலிருந்து ஒரு படி குறைத்து நிறுத்துதல் நன்று. தெளிவு கெடாத எல்லைக்குள் கோடல் எவ்வளவு உயர்ந்திருக்கின்றதோ அவ்வளவுக்குத் தகட்டு மின்கலம் நீடித்து உழைக்கும்.

நகரத்தில் வாழ்ந்தவருக்கு இது சிறு சிக்கனம். தோட்டத்தில் வாழ்ந்தவருக்கு அங்ஙனமன்று. பசறை, லுணுகலை, மடுல்சீமை, நமுனுகுலை, ஹாலிஎல ஆகிய இடங்களைச் சூழ்ந்த தோட்டங்களில், தேயிலைத் தொழிற்சாலைக்கு நீர்ச்சக்தியாலோ எண்ணெய் எஞ்சினாலோ இயக்கம் கிடைத்தது. சில இடங்களில் துரையின் பங்களாவுக்கும் மின்விளக்கு எரிந்தது. தொழிலாளர் வாழ்ந்த லயங்களில் குப்பி விளக்கே எரிந்தது. பெரும்பாலான லயங்களுக்கு இருபதாம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியிலேதான் மின்சாரம் எட்டிற்று. ஆகையால் உத்தியோகத்தர் விடுதியிலோ ஒரு காம்பராவிலோ வானொலிப் பெட்டி இருக்குமாயின், அது மின்கலத்தாலேயே இயங்கவேண்டும். சேமிப்புக்கலத்தைத் தொழிற்சாலைத் தைனமோவிலோ நகரத்துக் கடையிலோ மின்னேற்றிக்கொள்ளலாம். தகட்டுக்குரிய உலர்மின்கல அடுக்கை அவ்வாறு புதுப்பிக்க இயலாது. தீர்ந்தால் புதிதாக வாங்கவே வேண்டும். ஒன்றரை வோல்ற்றுக் கலங்கள் அறுபது அடுக்கிய 90 வோல்ற்று மின்கலம், நாட்கூலி பெறுவோருக்குப் பெருஞ்செலவு.

அக்காலத்தில் வானொலி பொழுதுபோக்குக்கு மட்டும் உரியதாக இருக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கிற்று. 1949ஆம் ஆண்டின் இந்திய பாகிஸ்தானியர் குடியுரிமைச் சட்டம் விண்ணப்பிப்பதற்கு இரண்டாண்டுக் காலக்கெடு விதித்தது. 1964ஆம் ஆண்டு அக்டோபர் 30ஆம் நாள் புதுடில்லியில் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. எஞ்சிய 1,50,000 பேரின் நிலை பின்னர் முடிவு செய்யப்படும் என ஒத்திவைத்தது. ஒரு குடும்பம் எந்நாட்டிற்கு உரியது என்னும் கேள்விக்கான விடை தலைநகரங்களில் முடிவாயிற்று. நாளிதழ் மலையேறுவதற்குள் செய்தி காற்றிலே வந்துவிடும். அச்செய்தி வாசிக்கப்படும் மாலையில் மின்கலம் செத்துக் கிடந்தால், செய்திக்கு அடுத்தவர் வாயையே எதிர்பார்க்கவேண்டும். மின்கலத்தின் ஒவ்வொரு மணி நேரத்துக்கும் விலை இருந்தது எனின் மிகையாகாது.

இதற்கிடையே கருவிகளும் திருந்தின. 1949ஆம் ஆண்டு வானொலி நிலையம் 'ரேடியோ சிலோன்' என்னும் பெயரில் தனித் திணைக்களமாயிற்று; 1950ஆம் ஆண்டு வர்த்தக ஒலிபரப்புத் தொடங்கிற்று. அதன் தமிழ்த் திரைப்பாடல்கள் கடல் கடந்து தமிழகத்திலும் கேட்கப்பட்டன. அக்காலத்து மின்கல வானொலிகளில் விரலளவான சிறு வால்வுகள் இடம்பெற்றன. 1950களின் நடுப்பகுதியில் வெளிவந்த டி.எல். 96 என்னும் வெளியீட்டு வால்வை எடுத்துக்கொள்ளலாம். தகட்டில் 85 வோல்ற்றும் நெய்யரியில் எதிர் 5.2 வோல்ற்றும் இருக்கும்போது அதன் தகட்டு மின்னோட்டம் ஏறத்தாழ 5 மில்லி அம்பியர். நான்கு வால்வுப் பெட்டியொன்று தகட்டு மின்கலத்திலிருந்து இழுக்கும் மின்னோட்டத்தில் பாதிக்கு மேற்பட்டது இந்த ஒரு வால்வுக்கே சென்றது. ஆகவே இதன் கோடல் தவறினால் மின்கலத்தின் ஆயுளும் தவறும்.

இப்பெட்டிகளில் நெய்யரிக்குத் தனி மின்கலம் இல்லை. தகட்டு மின்கலத்தின் எதிர்முனைக்கும் பெட்டியின் அடித்தளத்துக்கும் இடையே ஒரு தடையை வைத்தனர். பெட்டி முழுவதும் இழுக்கும் மின்னோட்டம் அத்தடையினூடே செல்லும்போது சில வோல்ற்று அங்கே வீழும்; அதுவே கோடலாகப் பயன்படும். இம்முறையின் நன்மை நுட்பமானது. முன்னைய முறையில் தகட்டு மின்கலம் முதுமையுற்று 90 வோல்ற்றிலிருந்து 60 வோல்ற்றுக்கு இறங்கினாலும், கோடல் மின்கலம் தன் பழைய அளவிலேயே நிற்கும். அதனால் குரல் நெரிபடும். புதிய முறையில் மின்கலம் இறங்க இறங்கக் கோடலும் உடன் இறங்கிற்று. வலிமை குன்றினாலும் குரலின் தெளிவு பெரிதும் கெடவில்லை. தேய்ந்த மின்கலத்திலிருந்தும் இன்னும் சில மாலைகளைப் பெறுவதற்கு இது வழிசெய்தது.

ஆயினும் ஊவாவின் காலநிலை இக்கருவிகளுக்கு ஒரு பகையை வைத்திருந்தது. வடகீழ்ப் பருவக்காற்று வீசும் மாதங்களில் மழையும் மூடுபனியும் மலைச்சரிவுகளைச் சூழும்; லயத்துச் சுவரும் கூரையும் ஈரம் கசியும். ஒரு வால்வின் தகட்டிலிருந்து அடுத்த வால்வின் நெய்யரிக்கு ஒலியலையை மட்டும் கடத்தி, நேர்மின்னழுத்தத்தைத் தடுத்து நிறுத்துவது ஓர் ஒடுக்கி. அந்நாளைய ஒடுக்கிகள் மெழுகூட்டிய தாளாலும் உலோகத் தகட்டாலும் சுருட்டப்பட்டவை. ஈரம் உட்புகுந்தால் அவற்றின் காப்பு நலியும். முன் வால்வின் தகட்டில் 50 வோல்ற்று இருக்க, ஒடுக்கியின் காப்புத்தடை 50 மெகா ஓமுக்கு இறங்கிவிட்டதாகவும், நெய்யரித் தடை 1 மெகா ஓம் எனவும் கொள்க. அப்போது ஏறத்தாழ ஒரு வோல்ற்று நேர்மின்னழுத்தம் நெய்யரியில் ஏறி நிற்கும். எதிர் 5.2 வோல்ற்று இருக்கவேண்டிய இடத்தில் எதிர் 4.2 வோல்ற்றே எஞ்சும்.

பெட்டி அப்போதும் பாடும். கேட்பவர் காதுக்குக் குற்றம் எதுவும் புலப்படாது. மின்கலம் மட்டும் முன்னையினும் விரைவாகத் தீரும். கடைக்காரர் பழைய மின்கலத்தைத் தந்தார் என்ற ஐயம் எழுதற்கும் இது இடமாகும். திருத்துவோர் இக்குற்றத்தைக் கண்டறிந்த முறை எளியது. ஒடுக்கியின் நெய்யரிப் பக்க முனையைக் கழற்றிவிட்டுப் பெட்டியை இயக்கி, அம்முனையில் மின்னழுத்தமானியை வைத்துப் பார்ப்பர். முள் நேர்த்திசையில் நிலையாக நின்றால் ஒடுக்கி கசிகின்றது. ஓர் ஒடுக்கியின் விலை மின்கல அடுக்கின் விலையில் சிறு பகுதியே. அதனை மாற்றினால் மின்கலம் தன் முழு ஆயுளையும் தரும்.

வானொலிப் பெட்டிக்குள் இருந்த இச்சிக்கல் ஒலிபெருக்கிக்குள் புகுந்தபோது பெரிதாயிற்று. மாரியம்மன் கோவில் திருவிழாவுக்கும் காமன் கூத்துக்கும் தொழிற்சங்கக் கூட்டத்துக்கும் வால்வு விரியலாக்கிகளே குரல் கொடுத்தன. இவற்றில் வெளியீட்டு வால்வுகள் இரண்டு எதிரெதிராக அமர்ந்து, அலையின் ஒரு பாதியை ஒன்றும் மறு பாதியை மற்றொன்றும் ஏற்றன. தகட்டில் 300 முதல் 450 வோல்ற்று வரை நின்றது. இங்கே கோடல் கொடுக்கும் முறை இருவகைப்பட்டது. கதோட்டில் ஒரு தடையை வைத்து வால்வு தன்னைத் தானே அடக்கிக்கொள்ளச் செய்வது தன்கோடல். வேறொரு சுற்றிலிருந்து எதிர்மின்னழுத்தத்தைக் கொணர்ந்து நெய்யரிக்குக் கொடுப்பது நிலைக்கோடல். முன்னது அளவு பிறழ்ந்தாலும் ஓரளவு தாங்கும். பின்னது மிகுந்த வலுவைத் தரும். ஆனால் அளந்து வைத்த அளவு பிறழ்ந்தால் வால்வுகள் சில நிமிடங்களில் சிவந்து எரியும். கசியும் ஒடுக்கி இங்கே செய்யும் கேடும் பெரிது. 150 வோல்ற்றுத் தகட்டிலிருந்து 10 மெகா ஓம் கசிவு, 4,70,000 ஓம் நெய்யரித் தடையில் ஆறு ஏழு வோல்ற்றை ஏற்றிவிடும்.

மின்கித்தாருக்கென வால்வு விரியலாக்கிகள் மேலைநாடுகளில் பெருகிய காலமும் இதுவே. அமெரிக்கரான லியோ பெண்டரின் 'பாஸ்மன்' என்னும் கருவியை முன்மாதிரியாகக் கொண்டு, இலண்டனில் இசைக்கருவிக் கடை நடத்திய ஜிம் மார்ஷல் 1962ஆம் ஆண்டு தம் விரியலாக்கியை உருவாக்கினார். இலங்கையில் நித்தி கனகரத்தினம், ஏ. ஈ. மனோகரன் முதலியோர் வழியாகத் தமிழ்ப் பொப்பிசை பரவியபோது கித்தார் தமிழ் மேடைக்கும் பழக்கமாயிற்று. திருவிழா விரியலாக்கிக்கும் கித்தார் விரியலாக்கிக்கும் அடிப்படையில் வேறுபாடில்லை. கித்தார்க் கலைஞர் விரியலாக்கியை அதன் எல்லைவரை விரட்டுவர். ஆகையால் அதன் கோடல் மேலும் செம்மையாக இருத்தல் வேண்டும்.

அதனை அளக்கும் முறையைச் சுருங்கக் கூறலாம். ஈ.எல். 34 என்னும் வால்வின் தகடு தாங்கும் உச்ச வெப்பம் 25 உவாற்று. ஓய்வு நிலையில் அதில் நூற்றுக்கு எழுபது பங்கைத் தாண்டாதிருத்தல் திருத்துவோரின் வழக்கு, அது 17.5 உவாற்று. தகட்டில் 450 வோல்ற்று இருப்பின், 17.5ஐ 450ஆல் வகுக்க, ஏறத்தாழ 39 மில்லி அம்பியர் வரும். கதோட்டுக்கும் அடித்தளத்துக்கும் இடையே 1 ஓம் தடையை வைத்தால், ஒவ்வொரு மில்லி அம்பியருக்கும் ஒரு மில்லி வோல்ற்று அங்கே தோன்றும். மானி காட்டும் எண்ணே விடை. அதில் திரைநெய்யரியின் சில மில்லி அம்பியரும் சேர்ந்திருக்கும் என்பதை மறத்தலாகாது. பின்னர் கோடல் திருகியை மெல்லத் திருப்பி அளவை அமைத்து, வால்வுகள் நன்கு சூடேறிய பின் மீண்டும் ஒருமுறை அளந்து பார்த்தல் வேண்டும். வெளியீட்டு வால்வுகளை மாற்றும்போதெல்லாம் இதனைச் செய்தல் முறை. பெயர் ஒன்றாயினும் இரு வால்வுகள் இயல்பில் ஒத்திருப்பதில்லை. இவ்வேலையில் உயிராபத்தும் உண்டு. கருவியை நிறுத்திய பின்னரும் ஒடுக்கிகளில் நூற்றுக்கணக்கான வோல்ற்று தங்கியிருக்கும். அதனை ஒரு தடையினூடே வடியவிட்டு, மானியால் உறுதி செய்த பின்பே உள்ளே கைவைத்தல் வேண்டும். பழகாதவர் பெட்டியைத் திறவாதிருத்தலே தகும்.

1960களில் திரான்சிற்றர் வானொலி மலைநாட்டிற்கும் வந்தது. அதற்குச் சூடேறும் இழையில்லை. 90 வோல்ற்று அடுக்கும் வேண்டியதில்லை. கடையில் வாங்கும் சில சிறு மின்கலங்களே போதும். கொழுந்துக் கூடையைச் சுமந்தவரின் காம்பராவிலும் தனிப்பெட்டி ஒன்று பேசுவது அதன் பின்னரே எளிதாயிற்று. 1967ஆம் ஆண்டு ரேடியோ சிலோன் கூட்டுத்தாபனமாக மாறியபோது, மின்கல வால்வுப் பெட்டியின் காலம் மறைந்துகொண்டிருந்தது. ஆயினும் திரான்சிற்றருக்கும் கோடல் உண்டு. சில வோல்ற்றுக்குப் பதிலாக ஒரு வோல்ற்றின் பகுதி. தோட்டத்தார் கையால் திருத்தவேண்டிய தேவை இல்லாது, தொழிற்சாலையிலேயே அமைக்கப்பட்டது. அவ்வளவே வேறுபாடு. கித்தார் விரியலாக்கிகளில் வால்வு இன்றும் வாழ்கின்றது. சிலோவாக்கியா, உருசியா, சீனா ஆகிய நாடுகளில் அதனை இன்னும் செய்கின்றனர். 1 ஓம் தடையும் மானியும் இன்னும் திருத்துவோர் மேசையில் உள்ளன.

பெரிய கண்டுபிடிப்புகளின் வரலாற்றில் பெரிய பெயர்களே முன்னிற்கின்றன. ஆனால் ஒரு கண்டுபிடிப்பு ஏழையின் வீட்டில் எத்தனை நாள் உழைத்தது என்பதை வேறு சில சிறு செய்திகள் முடிவு செய்கின்றன. செருகியை ஒரு துளை தள்ளிப் பொருத்தத் தெரிந்திருந்தமை, கசியும் ஒடுக்கியைக் கண்டுபிடித்து மாற்றியமை ஆகியன அத்தகையவை. இவற்றைச் செய்தவர்களின் பெயர்கள் எந்நூலிலும் பதிவாகவில்லை. ஊவாவின் மலைச்சரிவுகளில் உலகச் செய்தியும் ஊர்ச்செய்தியும் தாய்மொழியில் இறுதிவரை கேட்டன எனின், அதில் அவர்கள் கைக்கும் பங்குண்டு.